ஒரு விமானம், ஐந்து மகாபொல

2022 மே மாதம் எல்லாருக்கும் நினைவிருக்கும். காலிமுகத்திடலில் கூடாரங்கள், பெற்றோல் ஷெட் வாசலில் முடியாத வரிசை, நாள் தவறாத மின்வெட்டு. அதே மாதம் அமெரிக்காவின் பீ.எம்.டீ.ஜீ. நிறுவனம், மைக்ரோசொப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் ஓட்டுவதற்கான போயிங் 737-700 விமானத்தை விற்பனைக்கு விட்டது. கேமின் விலை 60 டொலர். அதற்குள் ஓட்டுற இந்த ஒரு விமானத்தின் விலை 70 டொலர்.

மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதம் 360. அந்தக் கணக்கில் விமானம் 25,000 ரூபா. அப்போது மகாபொல மாதம் 5,000 ரூபா, அதாவது ஐந்து மாதக் காசு. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம், படிகள் நீங்கலாக, 12,500 ரூபா. அப்பிடிப் பார்த்தால் இரண்டு மாத உழைப்பு.

சாப்பாட்டுக்கே வழியில்லாத நேரத்தில் இதெல்லாம் ஒரு பிரச்சினையா எண்டு கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு பொருளின் விலை யாரை நினைச்சுப் போடப்படுகிறது, யார் அந்தக் கணக்கிலேயே இல்லை என்பதை இந்த விமானம் தெளிவாகக் காட்டுது. அதனால்தான் இதன் வரலாற்றை எழுதுகிறோம்.

சிமுலேட்டரைத் துண்டு துண்டாக விற்பது புதுப் பழக்கமல்ல. மைக்ரோசொப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் முதல் பதிப்பு 1982இல் வந்தது. அதன் மூலகர்த்தா புரூஸ் ஆட்விக்கின் சப்லொஜிக் நிறுவனம், 1980களிலேயே ‘சீனரி டிஸ்க்’ என்ற பெயரில் ஒவ்வொரு பிரதேசத்தின் நிலக்காட்சியையும் தனித்தனியாக விற்றது. 2001இல் மைக்ரோசொப்ட் ட்ரெயின் சிமுலேட்டர் வந்தது. 2009 ஜனவரியில் மைக்ரோசொப்ட் தன் சிமுலேட்டர் ஸ்டூடியோவான ஏசஸை மூடியது. அதே வருஷம் பிரித்தானியாவில் ரெயில்வேர்க்ஸ் வெளியானது. அதுதான் பிறகு ட்ரெயின் சிமுலேட்டர் எண்டு பெயர் மாறி, டவ்டெயில் கேம்ஸ் நிறுவனத்தின் கையில் நூற்றுக்கணக்கான டீ.எல்.சி.களாகப் பெருகியது. ஒரு பாதை 30, 40 டொலர். ஒரு எஞ்சின் 15, 20 டொலர். எல்லாவற்றையும் முழு விலையில் வாங்கப் போனால் பல ஆயிரம் டொலர் வேணும்.

பேராசை எண்டு சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் கணக்கு அவ்வளவு லேசில்லை. ஒரு ரயில் பாதையைச் செய்ய, தண்டவாளத்தின் வளைவு, சிக்னல், ஸ்டேஷன், எஞ்சின் சத்தம் என்று மாதக்கணக்கில் வேலை இருக்கு. பேச்சுக்கு அந்த வேலைக்கு ஒரு லட்சம் டொலர் செலவு எண்டு வையுங்கோ. ஒரு லட்சம் பேர் வாங்கினால் ஆளுக்கு ஒரு டொலரில் செலவு மீளும். 3,000 பேர்தான் வாங்குவார்கள் என்றால் ஆளுக்கு 33 டொலர். ஆட்கள் கூடினால் விலை இறங்கும் என்பதற்கு யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 சாட்சி. செக் நாட்டின் எஸ்.சீ.எஸ். நிறுவனம் 2012இல் வெளியிட்ட அந்த கேம் பல மில்லியன் பிரதிகள் விற்றது. 2015இல் வந்த ஸ்கண்டினேவியா டீ.எல்.சி.யில் மூன்று நாடுகளின் வீதிகள் 18 டொலருக்குக் கிடைத்தன.

விலைக்குச் சொல்லப்படும் இன்னொரு நியாயம், இது பொம்மை ரயில் சேர்க்கிற மாதிரி என்பது. எல்லாத்தையும் வாங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, பிடிச்சதை மட்டும் வாங்கு. பவுணில் சம்பளமோ பென்சனோ எடுக்கும் ஆளுக்கு அது சரி. அவருடைய ஒரு மாலைப் பொழுதுச் செலவுதான் எங்களுக்கு மாதச் செலவு. அந்த 3,000 பேரை எண்ணும்போது வெள்ளவத்தையையோ கொட்டாஞ்சேனையையோ யாரும் எண்ணுவதில்லை.

அப்ப கொழும்பில் இந்த கேம்கள் எப்படி ஓடின? டிஸ்க்கில்தான். பம்பலப்பிட்டிப் பக்கத்துக் கடைகளில் கொப்பி டிஸ்க் வாங்கி விளையாடிய அண்ணாமார், அக்காமார் எல்லா வீட்டிலும் இருக்கினம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வந்த பிறகும் அந்த வியாபாரம் நிற்கவில்லை. அந்தக் காலத்தில் டொலர் விலை எங்களுக்குத் தெரியவே வேண்டியிருக்கவில்லை. ஸ்டீம் வந்தபிறகுதான் தெரிஞ்சது. கணக்கு வேணும், அப்டேட் வேணும், வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குப் பொருந்துற கார்ட் வேணும். இந்தியாவுக்கு 2015இல் ஸ்டீம் இந்திய ரூபாவில் விலை போட்டது. இலங்கை ரூபா அந்தப் பட்டியலில் சேரவில்லை. அதனால் 2022இல் ரூபா விழுந்தபோது, விலைப்பட்டியலில் ஒரு சதம்கூட மாறாமலேயே எங்களுக்கு எல்லா கேமும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலையாகிப் போனது.

எங்கட பெடியள் சும்மா இருக்கவில்லை. இந்தோனேசியாவின் மலேயோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா, போனிலேயே இலவசமாக ஓடும். பஸ்ஸுக்கு நாங்களே நிறம் பூசலாம், புதிய வாகனம் சேர்க்கலாம். இ.போ.ச. சிவப்பு பஸ்ஸும், லைட் போட்டு அலங்கரிச்ச பிரைவேட் பஸ்களும் அதற்குள் வந்தது அப்படித்தான். யூரோ ட்ரக்கிலும் லங்கா அசோக் லேலண்ட் பஸ்கள் ஓடுது. வெள்ளவத்தையிலிருந்து மட்டக்குளிப் பக்கம் போற 155இல் ஒவ்வொரு நாளும் தொங்கிக்கொண்டு போற ஆளுக்கு, அந்த ஹோர்ன் சத்தம் கேட்டால் போதும், எந்த வேலை எண்டு விளங்கிவிடும்.

இங்கேதான் நாங்கள் நேர்மையாக யோசிக்க வேணும். இப்படி ஒரு பஸ்ஸைச் செய்யவும் வாரக்கணக்கில் நித்திரை முழிக்க வேணும். செய்கிறவர் அதற்கு ஐந்நூறு ரூபா விலை போட்டால், உடனே ‘இதுக்கும் காசா?’ எண்டு ஏச்சு விழும். வெளிநாட்டு நிறுவனத்தின் விலையை விளங்கிக்கொள்ள நாங்கள் மேலே போட்ட அதே கணக்கு இவருக்கும் பொருந்தும். இவரிடம் வாங்கக்கூடியவர்கள் அந்த 3,000 பேரைவிடவும் குறைவு. வித்தியாசம், இவர் எங்களை எண்ணித்தான் விலை போடுகிறார், அதுவும் ரூபாவில்.

போயிங் 737 வாங்க முடியாதது பெரிய இழப்பில்லை. ஆனால் எங்கட பஸ்ஸும் எங்கட வீதியும் திரையில் இருக்க வேணுமென்றால், யாராவது இருந்து அதைச் செய்ய வேணும். செய்கிறவர் அடுத்த வருஷமும் செய்ய வேணுமென்றால், அந்த ஐந்நூறு ரூபாவை நாங்கள் குடுக்கத்தான் வேணும்.