மேசை யாருடையது?

ரம்மி சூதாட்டமா, திறமை ஆட்டமா என்று இந்திய நீதிமன்றங்களில் அரை நூற்றாண்டுக்கு மேலாக வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். செகந்திராபாத்தின் கிரசன்ட் மனமகிழ் மன்றத்தில் பொலிஸ் நுழைந்து, காசு வைத்து ரம்மி ஆடியவர்களையும் மன்றத்தின் பொறுப்பாளர்களையும் பிடித்த வழக்கில், 1967 நவம்பரில் நீதிபதி ஹிதயதுல்லா எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பே அந்த வழக்காட்டின் வேர். விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்கவேண்டும், எதைப் பிடிப்பது எதைக் கழிப்பது என்று கணிக்கவேண்டும், ஆகவே ரம்மியில் திறமையே மிகுதி என்றது அந்தத் தீர்ப்பு. பின்னாளில் இணைய ரம்மி நிறுவனங்கள் விளம்பரப் பலகை போலத் தூக்கிப் பிடித்தது இந்தப் பாதியைத்தான். மறுபாதியை அவை வாய்திறந்து சொல்வதில்லை. பணயம் வைத்து நடக்கும் ஆட்டத்திலிருந்து மன்றமோ வீட்டுக்காரரோ ஆதாயம் எடுப்பது தெரியவந்தால் குற்றம் நிலைக்கக்கூடும் என்றும் அதே தீர்ப்பு சொல்லியிருந்தது. காசு வைத்த சீட்டாட்டத்தைப் பற்றிக் கேட்கவேண்டிய முதற்கேள்வி அந்தக் கைவிடப்பட்ட பாதியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். மேசை யாருடையது, அதிலிருந்து பங்கு எடுப்பது யார்? இந்தக் கேள்வியை எண்பது ஆண்டுகளாக விடாமல் கேட்டு, ஒவ்வொரு தலைமுறையிலும் வேறு வேறு விடை சொன்ன ஊர் நாம் குடியிருக்கும் இந்த மொன்றியல்.

கனடாவின் சட்டம் திறமை என்ற சாக்கை ஏற்பதில்லை. அதிர்ஷ்டம் மட்டுமுள்ள ஆட்டத்தையும், அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த ஆட்டத்தையும் குற்றவியல் சட்டம் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறது. அப்படிப் பார்த்தால் ரம்மியும் போக்கரும் தப்பமுடியாது. ஆனால் நான்கு நண்பர்கள் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் பத்து டொலர் வைத்து ரம்மியோ முந்நூற்றிநாலோ ஆடினால் அது சூதாட்ட விடுதி ஆகிவிடாது. வீட்டுக்காரர் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கமிஷன் எடுக்கும்போதுதான், ஆதாயத்துக்காக நடத்தப்படும் இடம் என்ற வரையறைக்குள் அந்த வீடு விழுகிறது. அர்த்தசாஸ்திரத்தின் சூதாட்ட அத்தியட்சகரும் இதை அறிந்திருந்தார்; வென்றவனிடமிருந்து நூற்றுக்கு ஐந்து அரசுக்குப் போகவேண்டும் என்பதில் அவர் குறியாக இருந்தார்.

1940களின் மொன்றியல் மூடாத நகரம் என்று வட அமெரிக்கா முழுவதும் பேரெடுத்திருந்தது. பார்பொட் என்ற பகடையாட்டமும் சீட்டும் குதிரைப் பந்தயக் கணக்கும் நகரின் நடுவே வெளிப்படையாக நடந்தன. சட்டப்படி பொலிஸ் அவ்வப்போது சோதனை போடவேண்டும், பிடிபட்ட இடத்துக்குப் பூட்டுப் போடவேண்டும். போட்டார்கள்: துடைப்பம் வைக்கும் அலமாரிக்கு, சுவரில் பொருத்திய பொய்க்கதவுக்கு. தண்டம் கட்டுவதற்கென்றே ஒருவரை விடுதிகள் முன்னிறுத்தின. அடுத்த அறையில் ஆட்டம் நிற்கவில்லை. 1946 ஜூலையில் சூதாட்ட உலகின் பெரும்புள்ளி ஹரி டேவிஸ் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே நகரத்துக்கு வெட்கம் வந்தது. ஒழுக்கக் காவல் பிரிவின் பொறுப்பை ஏற்ற பசிஃபிக் பிளான்ட் உண்மையான கதவுகளில் பூட்டுப் போடத் தொடங்கினார். 1948இல் வேலையை இழந்தார். பிறகு லெ டெவுவா நாளிதழில் அவர் எழுதிய தொடரின் விளைவாக 1950இல் நீதிபதி ஃபிரான்சுவா காரோன் விசாரணை ஆரம்பமானது. அதில் பிளான்ட்டோடு சேர்ந்து வழக்கை நடத்திய இளம் வழக்கறிஞர் ழான் டிராப்போ. 1954 ஒக்டோபரில் அறிக்கை வந்தது, பொலிஸ் அதிகாரிகள் பலர் தண்டிக்கப்பட்டார்கள், அதே மாதம் டிராப்போ மேயரானார். சூதை ஒழித்தவர் என்பதே அவருடைய அரசியல் முதல்.

அதே டிராப்போதான் 1968இல் மக்களுக்குப் பரிசுச் சீட்டு விற்றார். எக்ஸ்போ 67 உலகக் கண்காட்சி நகரத்தின் தலையில் கடனை ஏற்றியிருந்தது. மாதம் 2 டொலர் கட்டினால் குலுக்கலில் வெள்ளிக் கட்டிகள் கிடைக்கலாம். உயர்ந்த பரிசின் பெறுமதி 100,000 டொலர். லொத்தர் அப்போது சட்டவிரோதம். ஆகவே அவர் அதற்கு வைத்த பெயர் தன்விருப்ப வரி. பெயர் எதுவானாலும் இது லொத்தரேதான் என்று நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. அதே 1968இல் சென்னையில் முதலமைச்சர் அண்ணாதுரை அரசுப் பரிசுச் சீட்டைத் தொடங்கியதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற அதன் முழக்கமும் தன்விருப்ப வரிக்குச் சொல்லக்கூடிய விளக்கமும் ஒன்றே. ஒருவர் மற்றவரைப் பார்த்துச் செய்யவில்லை. காசு தேவைப்பட்ட இரண்டு நிர்வாகங்கள் ஒரே முடிவுக்கு வந்தன. சூது கெட்டது என்ற பழைய தீர்ப்பு இரண்டு ஊரிலும் மாறவில்லை. தோற்றவரின் காசு பொதுக் கஜானாவுக்குப் போனால் அது சூது ஆகாது என்ற திருத்தம் மட்டும் சேர்ந்தது.

கனடாவில் அந்தத் திருத்தம் உடனே சட்டமும் ஆனது. 1969இல் குற்றவியல் சட்டம் மாற்றப்பட்டு அரசுகள் லொத்தர் நடத்தலாம் என்றானது. ஆண்டு முடிவதற்குள் லோட்டோ-கியூபெக் பிறந்தது. 1970 மார்ச்சில் முதல் குலுக்கல். 1985இல் மத்திய அரசு விலகிக்கொண்டு முழு உரிமையையும் மாகாணங்களுக்கே கொடுத்தது. கணினி வழியாக நடக்கும் ஆட்டங்களை மாகாண அரசு தானே நடத்தவேண்டும், வேறெவருக்கும் அனுமதிப்பத்திரம் தரமுடியாது என்ற விதியும் அப்போது வந்ததுதான். 1993இல் மொன்றியல் கசினோ திறக்கப்பட்டது எங்கே என்று பார்த்தால் சிரிப்பு வருகிறது: எக்ஸ்போ 67க்காகக் கட்டிய பிரெஞ்சு அரங்கில். லொத்தருக்குக் காரணமான கண்காட்சியின் கட்டடத்துக்குள்ளேயே சூதாட்ட மேசைகள் வந்து உட்கார்ந்தன.

இந்த ஏற்பாட்டில் ஓட்டை போட்டது நகரத்துக்கு எதிர்க்கரை. செயின்ட் லோரன்ஸ் ஆற்றின் தென்கரையில், மேர்சியே பாலத்தைத் தாண்டியதும் வரும் மோஹாக் மக்களின் கானவாகே, 1996இல் தனக்கெனச் சூதாட்டச் சட்டம் இயற்றி ஓர் ஆணையத்தை அமைத்தது. 1999இல் இணைய ஆட்டங்களுக்கு விதிமுறைகள் வந்தன. உலகின் எந்த மூலையில் இருக்கும் நிறுவனமும் அனுமதிப்பத்திரம் பெறலாம், ஆனால் வழங்கிக் கணினிகள் கானவாகே மண்ணில் இருக்கவேண்டும். 2000களின் நடுவில் உலகின் இணையச் சூதாட்டத் தளங்களில் பெரும் பங்கு இந்தச் சிற்றூரின் கணினிகளில் ஓடியது. வேடிக்கை என்னவென்றால், தங்கள் ஊருக்குள் கசினோ கட்டும் யோசனையை அந்த மக்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாக்களித்து நிராகரித்தவர்கள். ஊருக்கு வெளியே ஆடுபவர்களின் மேசைக்கு இடம் வாடகைக்கு விடுவது வேறு, தம் பிள்ளைகள் உட்காரும் மேசை வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதைச் சட்டத்தை ஏமாற்றும் தந்திரம் என்று சொல்பவர்கள் உண்டு. மாகாணம் சூதாட்டத்துக்கு ஏகபோக உரிமை கொண்டாடும் நியாயம் எது என்று அவர்களிடம் கேட்கலாம். ஆள்பவர் நாங்கள், ஆகவே அனுமதிக்கும் உரிமை எங்களுடையது என்பதே அது. 1950களில் கப்பல் கால்வாய்க்காகக் காணி பறிக்கப்பட்டு ஆற்றங்கரையை இழந்த மக்கள், 1990இல் பாலத்தை மறித்து நின்ற மக்கள், அதே வாதத்தைத் தங்கள் நிலத்தின் பேரில் சொன்னார்கள். மாகாணத்தின் வாதம் செல்லுமென்றால் இவர்களுடையதைத் தந்திரம் என்று ஒதுக்கமுடியாது.

ஆனால் உரிமை நியாயமானது என்பதால் மேசை நேர்மையாகிவிடாது. அப்சலூட் போக்கர், அல்டிமேட்பெட் என்ற இரு தளங்கள் கானவாகே அனுமதியோடு இயங்கின. அவற்றின் உரிமையாளராக இருந்தவர் கானவாகேயின் முன்னாள் பெருந்தலைவர் ஜோ நோர்ட்டன். இணையச் சூதாட்டத்தை ஊருக்குக் கொண்டுவந்ததில் முன்னின்றவரும் அவரே. சில கணக்குகள் இயற்கைக்கு மாறாக வென்றுகொண்டே இருப்பதை 2007இல் ஆட்டக்காரர்களே தங்கள் ஆட்டப் பதிவுகளைத் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். எதிராளியின் கையிலிருந்த சீட்டு அந்தக் கணக்குகளுக்குத் தெரிந்திருந்தது. அல்டிமேட்பெட்டில் நோர்ட்டன் வாங்குவதற்கு முன்பே, பல ஆண்டுகளாக இது நடந்திருந்தது. ஆணையம் 2008இல் ஒன்றுக்கு 5 லட்சம், மற்றதற்கு 15 லட்சம் டொலர் தண்டம் விதித்து, பறிபோன பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. அனுமதிப்பத்திரத்தைப் பறிக்கவில்லை. அனுமதிக் கட்டணத்தில் வாழும் ஓர் ஆணையம் தன் பெரிய வாடிக்கையாளரை எவ்வளவு கடிந்துகொள்ளும்?

இங்கே திறமைக் கட்சிக்காரர்கள் குறுக்கிடுவார்கள். ஏமாற்று விதிவிலக்கு, நேர்மையான மேசையில் கெட்டிக்காரர் வெல்கிறார், அதிலென்ன சூது என்பார்கள். கெட்டிக்காரர் வெல்வது உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆறு பேர் ஆளுக்கு 100 டொலரோடு உட்காருகிறார்கள், மேசையில் மொத்தம் 600. ஒவ்வோர் ஆட்டத்திலும் முழுப் பணத்தையும் பணயம் வைத்து, பத்தில் ஒன்றை நடத்துபவர் எடுத்தால் முதல் ஆட்டத்தில் 540, அடுத்து 486, ஏழாவது ஆட்டம் முடியும்போது 300கூட மிஞ்சாது. ஆறு பேரும் மேதைகளாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. திறமை செய்வதெல்லாம் மிச்சத்தை யார் அள்ளுவது என்று தீர்மானிப்பதுதான்; புதிதாக வருபவருக்கு அது இன்னும் கொடியது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. லாபம் தனியாரின் பைக்குப் போவதும் பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் போவதும் ஒன்றா? ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். லோட்டோ-கியூபெக்கை நம்மால் சட்டசபையில் கேள்வி கேட்கமுடியும். ஆனாலும் தோற்கிறவரின் பக்கமிருந்து பார்த்தால் வேறுபாடு சிறியது. மதுச்சாலைகளில் அது வைத்த வீடியோ லொத்தர் இயந்திரங்களால் அடிமையானவர்கள் தொடுத்த கூட்டு வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து சமரசத்தில் முடிந்தது. 2010இல் அது எஸ்பாஸ்ஜெ என்ற இணையத் தளத்தைத் தொடங்கியது. 2016இல் மாகாணம், லோட்டோ-கியூபெக் தரும் பட்டியலிலுள்ள போட்டித் தளங்களை இணைய நிறுவனங்கள் தடுக்கவேண்டும் என்று சட்டம் போட்டது. பொதுச் சுகாதாரம் என்று காரணம் சொன்னார்கள். அந்த விதியோ வரவுசெலவுத் திட்டச் சட்டத்துக்குள் இருந்தது. 2018இல் உயர் நீதிமன்றமும் 2021இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அது செல்லாது என்றன. பிலிப்பைன்ஸிலும் இதே கதைதான்: அங்கே கசினோ நடத்துவதும் அனுமதி கொடுப்பதும் பாக்கோர் என்ற ஒரே அரசு நிறுவனம்தான். வெளிநாட்டாருக்கான இணையத் தளங்களுக்கு அது 2016 முதல் அனுமதி வழங்கியது. மோசடியும் ஆட்கடத்தலும் பெருகிய பிறகு 2024இல் ஜனாதிபதி மார்கோஸ் அவற்றை மூடச் சொன்னார். பங்கு எடுப்பவரே காவலும் இருந்தால் காவல் பிந்தித்தான் வருகிறது.

மொன்றியலின் மேசை கடைசியில் தமிழ்நாடு வரை நீண்டது. நகரின் மேற்குப் புறம் புவான்ட்-கிளேரில் இருந்த அமாயா நிறுவனம் 2014இல் 490 கோடி அமெரிக்க டொலருக்கு போக்கர்ஸ்டார்ஸை வாங்கியது. பின்னர் ஸ்டார்ஸ் குழுமம் என்று பெயர் மாறி ரொறொன்ரோ சென்ற அதை 2020இல் ஃபிளட்டர் நிறுவனம் எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே ஃபிளட்டர் இந்தியாவின் ஜங்லி ரம்மியில் பெரும்பங்கை வாங்கியது. 2021 ஓகஸ்ட்டில் இணைய ரம்மிக்கு எதிரான தமிழ்நாட்டின் தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்த வழக்கின் முதல் மனுதாரர் அந்த ஜங்லிதான். இணைய ஆட்டத்தில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகளுக்குப் பிறகு நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கையோடு 2023இல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அதே நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு ரம்மியையும் போக்கரையும் மட்டும் வெளியே விட்டது. மறுபடியும் திறமை. 2025 ஓகஸ்ட்டில் வந்த மத்தியச் சட்டம் அந்த விவாதத்தையே தாண்டிப் போய்விட்டது. காசு வைத்த இணைய ஆட்டம் எதுவானாலும் நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவருக்கும் தண்டனை. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. முழுத் தடை ஆட்டத்தைக் கள்ள மேசைக்குத் தள்ளும் என்ற அச்சம் நியாயமானது. பொய்க்கதவுப் பூட்டுகளைக் கண்ட ஊர்க்காரர்கள் அதை மறுக்கமாட்டோம். ஆனாலும் குறி வைத்த இடம் சரி என்றே நினைக்கிறேன்.

கியூபெக்கில் இப்போது காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. 2022 ஏப்ரலில் ஒன்ராறியோ தனியார் தளங்களுக்குச் சந்தையைத் திறந்துவிட்டது. கானவாகே அதை எதிர்த்து வழக்குப் போட்டு 2024இல் தோற்றது. 2023 முதல் தனியார் நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்று கியூபெக் அரசிடமும் அதையே கேட்டுவருகிறது. ஆட்டம் எப்படியும் நடக்கிறது, அனுமதி தந்தால் உங்களுக்கும் பங்கு கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். லோட்டோ-கியூபெக்குக்கு இதில் விருப்பமில்லை. ஏழாவது ஆட்டத்தில் மேசையில் எவ்வளவு மிஞ்சும் என்பதை இரு தரப்பும் பேசவில்லை.