நாணும் கார்டும் - ஒரு தப்புக் கணக்கு

கிடார் கத்துக்கிற பையன் கேட்டான்: "வட்டத்துல வர்ற கார்டும் இதுவும் ஒண்ணாப்பா?" ரெண்டும் தந்திதானேன்னு அடிச்சு விட்டேன். தப்பு!

வட்டத்தோட கார்டு, 'கோர்டே' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. குடலில் திரித்த தந்தி. இசையில் வருவதோ 'அக்கார்ட்' என்பதன் வால். இசைவு என்று பொருள். முதலில் அதை ஆங்கிலத்தில் 'எச்' இல்லாமல்தான் எழுதினார்கள். தந்தி ஞாபகத்தில் பின்னாடி சொருகிட்டாங்க. ஆக, என்னை மாதிரி ஆட்கள் அப்பவே இருந்திருக்காங்க :-)

நம்ம 'நாண்' குழப்பமே இல்லை, வில்லில் கட்டும் கயிறு. வட்டத்தின் வில்லுக்கும் அதே கயிறுதான். வடமொழி 'ஜ்யா'வும் வில்நாண்தான். 499-ல் ஆரியபட்டர் பாதி நாணுக்குக் கணக்கு போட்டுக் கொடுத்தார். இன்றைய சைன் அதன் வழி வந்தது.

பையனிடம் இன்னும் சொல்லவில்லை.