ஒலிபெருக்கிப் பெட்டி வடிவமைப்பு

ஒலிபெருக்கிப் பெட்டி என்பது, ஒலிபெருக்கியின் இயக்கிகளைத் தாங்கி நிற்பதுடன், அவற்றின் கூம்புகள் பின்புறமாக எழுப்பும் ஒலியைக் கட்டுப்படுத்தும் அமைப்பும் ஆகும். மின்குறிப்புகளை ஒலியாக மாற்றும் உறுப்பே இயக்கி எனப்படுகின்றது. பேச்சு வழக்கில் ஸ்பீக்கர் என்பது பெரும்பாலும் இதனையே குறிக்கும். உயர்தர வீட்டு ஒலிபெருக்கிகளில், குறிப்பாகத் தாழ்ந்த அதிர்வெண்களைத் தரும் இயக்கியைப் பொறுத்தவரை, பெட்டி வெறும் உறை அன்று. ஒரே இயக்கி ஒரு பெட்டியில் தெளிவாகவும் மற்றொன்றில் குழம்பிய முழக்கமாகவும் ஒலிக்கக்கூடும்.

பெட்டியின் தேவை

கூம்பு முன்னோக்கி நகரும்போது முன்புறக் காற்று அழுந்துகின்றது. அதே கணத்தில் பின்புறக் காற்று தளர்கின்றது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 8.6 மீட்டர். இதனுடன் ஒப்பிட 20 செ.மீ. விட்டமுள்ள கூம்பு மிகச் சிறியது. ஆகவே பின்னலை எளிதில் சுற்றி வந்து முன்னலையை அழித்துவிடுகின்றது. மேசைமேல் வெறுமனே வைத்த இயக்கியில் தாழ்ந்த ஒலி கேட்காததற்கு இதுவே காரணம். கூம்பு ஒலிபெருக்கியின் இன்றைய அடிப்படை வடிவத்தை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெலாக் ஆகியோர் 1925 இல் வெளியிட்டனர். பின்னலையை என்ன செய்வது என்ற கேள்விக்கான விடைகளே அதன்பின் வந்த பெட்டி வகைகள் யாவும்.

இயக்கியின் அளவுருக்கள்

பெட்டியைத் தீர்மானிப்பவை மூன்று எண்கள். முதலாவது, இயக்கியின் இயல்பான ஒத்ததிர்வு அதிர்வெண். இரண்டாவது, அவ்வதிர்வு எவ்வளவு விரைவாக அடங்கும் என்பதைக் காட்டும் மொத்தத் தரக்காரணி. வலுவான காந்தம் கொண்ட இயக்கியில் இது சிறிதாக இருக்கும். மூன்றாவது, கூம்பின் தாங்குவிளிம்புகளுக்கு ஒப்பான மீள்தன்மை உடைய காற்றின் கன அளவு. இது லிட்டரில் தரப்படும். இவற்றின் துணையால் பெட்டியை முன்கூட்டியே கணக்கிடும் முறையை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நெவில் தீல் 1961 இல் வெளியிட்டார். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் அதனை விரிவாக்கினார். அதற்கு முன் பெட்டி செய்தல் பெரும்பாலும் பலமுறை செய்து பார்த்துத் திருத்தும் வேலையாகவே இருந்தது.

இயக்கியின் விலை இவ்வெண்களுள் ஒன்று அன்று. பெட்டிக்கு இடமுண்டா எனப் பாராமல் விலையுயர்ந்த இயக்கியை முதலில் வாங்கிவிடுவது, இத்துறையில் புதிதாக இறங்குவோர் செய்யும் பெரும்பிழை எனலாம். உற்பத்தியாளர் தரும் எண்களும் கையிலுள்ள இயக்கியும் சற்று வேறுபடுவதுண்டு. பலகையை அறுப்பதற்கு முன் அளந்து பார்ப்பது நலம்.

மூடிய பெட்டி

இதில் பின்னலை பெட்டிக்குள்ளேயே அடைபடுகின்றது. உள்ளிருக்கும் காற்று ஒரு வில்லைப் போலக் கூம்பைப் பிடித்துக்கொள்வதால், ஒத்ததிர்வு அதிர்வெண்ணும் தரக்காரணியும் ஒரே விகிதத்தில் உயர்கின்றன. எட்கர் வில்ச்சர் 1954 இல் காற்றின் இவ்வில்தன்மையையே முதன்மைத் தாங்கியாகக் கொண்டு ஏ.ஆர்.-1 என்னும் ஒலிபெருக்கியை உருவாக்கினார். அன்றைய பெரும்பெட்டிகளின் நடுவே புத்தக அலமாரியில் அடங்கும் பெட்டியிலிருந்து ஆழ்ந்த ஒலி எழுந்தது புதுமையாக இருந்தது.

எடுத்துக்காட்டாக, ஒத்ததிர்வு 30 ஹெர்ட்ஸ், தரக்காரணி 0.35, ஒப்பான காற்றளவு 60 லிட்டர் உடைய ஓர் இயக்கியைக் கொள்வோம். இதனை 19.5 லிட்டர் மூடிய பெட்டியில் பொருத்தினால் தரக்காரணி 0.71 ஆகவும், ஒத்ததிர்வு ஏறத்தாழ 61 ஹெர்ட்ஸாகவும் உயரும். 0.71 என்பது மேடு இன்றிச் சமமாக ஒலிக்கும் நிலை. அதே இயக்கியை 10 லிட்டர் பெட்டியில் அடைத்தால் இவை 0.93, 79 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். ஆழ்ந்த ஒலி குன்றி, அதற்குச் சற்று மேலே ஒரு புடைப்புத் தோன்றும்.

எல்லைக்குக் கீழே மூடிய பெட்டியின் ஒலி மெதுவாகவே குறைகின்றது. அதிர்வெண் பாதியாகும்போது 12 டெசிபெல் இறக்கம். சிறிய அறையில் சுவர்கள் தாழ்ந்த ஒலிக்குத் தரும் வலு இவ்விறக்கத்தை ஓரளவு ஈடுசெய்யும்.

துளைப் பெட்டி

பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் தூராஸ் 1932 இல் காப்புரிமை பெற்ற இவ்வகையில், ஒரு குழாயின் வழியாகப் பின்னலையும் பயன்படுத்தப்படுகின்றது. புட்டியின் வாய்மேல் ஊதும்போது எழும் ஒலியைப் போன்றே, குழாயிலுள்ள காற்றும் பெட்டியிலுள்ள காற்றும் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்கின்றன. மேற்கூறிய இயக்கியை ஏறத்தாழ 45 லிட்டர் பெட்டியில் வைத்து 32 ஹெர்ட்ஸுக்கு இசைவித்தால், 35 ஹெர்ட்ஸ் அளவு வரை ஒலி கிடைக்கும்.

இதற்கான விலை இரண்டு. இசைவித்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலி இருமடங்கு வேகத்தில், அதாவது 24 டெசிபெல் வீதம், இறங்குகின்றது. அங்கே கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்றுவில்லும் இல்லை. வளைந்த இசைத்தட்டின் மிகத் தாழ்ந்த அதிர்வுகள்கூடக் கூம்பை அளவுக்கு மீறி ஆட்டிச் சுருளைச் சேதப்படுத்தக்கூடும். எனவே இவ்வதிர்வெண்களை வடிகட்டித் தடுப்பது நன்று.

குழாய் குறுகலாக இருந்தால் காற்று சீறும். அகலமாக்கினால் நீளம் கூடும்: மேற்கண்ட பெட்டிக்கு 7.5 செ.மீ. விட்டமுள்ள குழாய் ஏறத்தாழ 23 செ.மீ. நீளம் வேண்டும், 10 செ.மீ. விட்டமானால் 44 செ.மீ. ஆகிவிடும். அது பெட்டிக்குள் அடங்குமா என்பதைத் தாளிலேயே பார்த்துவிட வேண்டும். தரக்காரணி 0.5ஐத் தாண்டிய இயக்கிகள் பொதுவாக இவ்வகைக்கு ஏற்றவை அல்ல.

பிற வகைகள்

நீண்ட மடிப்புப் பாதையில் பின்னலையைச் செலுத்தி, கம்பளி முதலியவற்றால் உறிஞ்சும் முறையை ஆர்தர் பெய்லி 1965 இல் விளக்கினார். பாதை கால் அலைநீளம் இருக்க வேண்டும் என்பதால், 40 ஹெர்ட்ஸுக்கு அது இரண்டு மீட்டரைத் தாண்டும். கொம்பு வகை மிகக் குறைந்த மின்திறனில் உரத்து ஒலிக்கும். ஆனால் உருவம் பெரிது. பால் கிளிப்ஷ் 1940களில் அமைத்த மூலைக் கொம்பு, அறையின் சுவர்களையே கொம்பின் நீட்சியாகக் கொண்டது.

சுவரும் வடிவமும்

பெட்டியின் சுவர்கள் அதிர்ந்தால் அவையும் ஒலி எழுப்பும். தடித்த எம்.டி.எஃப். பலகையும் உட்குறுக்குச் சட்டங்களும் பரவலான தீர்வு. பிபிசி ஆய்வாளர்கள் இதற்கு மாறாக, மெல்லிய ஒட்டுப்பலகையின் உட்புறம் தணிப்புப் பொருளை ஒட்டினர், 30 செ.மீ. உயரமே உள்ள எல்.எஸ்.3/5ஏ இவ்வாறு அமைந்த மூடிய பெட்டியே. முதல் வழி அதிர்வைக் காதுக்கு எளிதில் புலப்படும் உயர் அதிர்வெண்களுக்கே தள்ளிவிடக்கூடும் என்பது பிபிசி முறையை ஏற்போரின் வாதம். இரண்டு வழிகளிலும் நல்ல ஒலிபெருக்கிகள் வந்துள்ளன.

ஹாரி ஓல்சன் 1951 இல் வெளியிட்ட ஆய்வு, வெவ்வேறு வடிவப் பெட்டிகளுள் கோளமே மிகச் சீரான ஒலியைத் தருவதைக் காட்டியது. கூரிய விளிம்புகளில் ஒலி சிதறுவதே ஏனையவற்றின் குறை. மரவேலையில் கோளம் கடினமாதலால் விளிம்புகளை உருட்டுவதும், இயக்கியை முகப்பின் நடுவிலிருந்து சற்று விலக்குவதும் வழக்கம்.

ஹோஃப்மனின் இரும்பு விதி

கே.எல்.எச். நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஜோசப் ஆன்டன் ஹோஃப்மனின் பெயரால் வழங்கும் இவ்விதியின்படி, ஆழ்ந்த ஒலி, சிறிய பெட்டி, உயர்ந்த உணர்திறன் ஆகிய மூன்றில் இரண்டையே ஒருங்கே பெற இயலும். வில்ச்சரின் சிறிய பெட்டிக்கு ஆற்றல் மிகுந்த மிகைப்பி தேவைப்பட்டதும், கிளிப்ஷின் கொம்பு அறையின் மூலையையே அடைத்துக்கொண்டதும் இதனாலேயே.