டிரிகோனாப்டெரஸ் கூன்வண்டுகள்

டிரிகோனாப்டெரஸ், கூன்வண்டுக் குடும்பமான குர்குலியோனிடேயைச் சேர்ந்த பேரினம். இவ்வண்டுகள் பறக்க இயலாதவை; பெரும்பாலும் சில மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. தென்னையைத் தாக்கும் சிவப்புக் கூன்வண்டுக்கு உள்ளதுபோல் இவற்றின் தலையும் அலகாக நீண்டு, நுனியில் வாயுறுப்புகளைக் கொண்டிருக்கும். நியூ கினி, இந்தோனேசியத் தீவுகளின் காடுகளில் வாழும் இவற்றைப் பற்றிய ஆய்வுக்கு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் மையமாக விளங்குகிறது. அங்குப் பணியாற்றும் அலெக்ஸாண்டர் ரீடல் பங்கேற்ற குழு, டிரிகோனாப்டெரஸ் ஆப்லாங்கஸ் இனத்தின் கால் மூட்டு திருகாணியும் மரையுமாக இயங்குவதை 2011-இல் எக்ஸ் கதிர் முப்பரிமாணப் படங்களால் நிறுவியது.

தோற்றத்தில் மிக நெருங்கிய இவ்வினங்களைப் பிரித்தறிய, உடலமைப்பையும் மரபணுவையும் சேர்த்து ஆராய்வதே நம்பத்தக்க வழி. மியூனிக்கின் மைக்கேல் பால்கே உள்ளிட்டோருடன் ரீடல் 2013-இல் நியூ கினியிலிருந்து 101 புதிய இனங்களை விவரித்தது இவ்வழியில்தான். 2019-இல் சுலவேசியிலிருந்து மேலும் 103 இனங்கள் சேர்ந்தன. ஒரே மரபணுத் துண்டை நம்புவது தவறான பிரிவுகளுக்கு இட்டுச்செல்லும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் இங்கு அந்தத் துண்டு மட்டும் தீர்ப்பளிக்கவில்லை. ஆண் இனப்பெருக்க உறுப்பின் வடிவமும் புறஓட்டின் அமைப்பும் ஒப்பிடப்பட்டன. விவரணைகள் சுருக்கமானவை என்ற குறையை நுட்பமான ஒளிப்படங்கள் ஈடுசெய்கின்றன. மூல மாதிரிகள் அருங்காட்சியகங்களில் இருப்பதால் எவரும் மறுபரிசோதனை செய்யலாம். காடுகள் வேகமாக அழியும் காலத்தில், சரிபார்க்கத்தக்க விரைவு வகைப்பாடே பொறுப்பான அறிவியல்.