காமரசவல்லியின் சாக்கைக்காணி

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் உள்ள காமரசவல்லி, சோழர் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக, அதாவது மறையவர்க்கு அளிக்கப்பட்டுச் சபையின் ஆட்சியில் இருந்த ஊராக விளங்கியது. அவ்வூர்க் கார்க்கோடேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசேந்திரன் (1012–1044) காலக் கல்வெட்டு ஒன்று, சாக்கை மாராயன் விக்கிரமசோழன் என்னும் கூத்தருக்குச் சாக்கைக்காணியாக நிலம் அளிக்கப்பட்டதையும், அதற்கு ஈடாக அவர் மார்கழித் திருவாதிரையிலும் வைகாசித் திருவாதிரையிலும் மும்மூன்று முறை சாக்கைக் கூத்து ஆட வேண்டும் என்பதையும் பதிவு செய்கிறது.

சாக்கையர் என்போர் சிலப்பதிகாரத்திலேயே இடம்பெறும் தொன்மையான கூத்து மரபினர்; கேரளத்துச் சாக்கியார்கள் அம்மரபின் தொடர்ச்சியாகக் கருதப்படுகின்றனர். காணி என்பது வழிவழியாக அனுபவிக்கும் நிலவுரிமை. ஒரு விழாவுக்குக் கொடுத்த காசு அவ்விழாவோடு தீர்ந்துவிடும். நிலமோ ஆண்டுதோறும் விளைவதால், கூத்தர் ஊரிலேயே நிலைத்து வாழ்ந்து கலையைத் தம் வழியினர்க்குக் கற்பிக்க முடிந்தது. நாளும் எண்ணிக்கையும் கல்லில் பொறிக்கப்பட்டதால், கூத்தர் தம் ஊதியத்தையும் ஊரார் தமக்குரிய கூத்தையும் உரிமையோடு கேட்க முடிந்தது.

இம்முறை பெருமளவில் செயல்பட்டதைத் தஞ்சைப் பெரிய கோயில் காட்டுகிறது. அங்கு முதலாம் இராசராசன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு, அதாவது கோயிற் சேரியில் வாழ்ந்த ஆடல் மகளிர்க்கு, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல் கொண்ட ஒரு பங்கும் வரையறுக்கப்பட்டன. நட்டுவம் செய்வோர், அதாவது ஆடலைப் பயிற்றி நடத்துவோர், இரண்டு பங்கு பெற்றனர். பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரை விட்டுச் சென்றாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அப்பணியை ஏற்க வேண்டும் என்றும், அவருக்குத் தகுதி இல்லையெனில் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும் என்றும் கல்வெட்டு விதிக்கிறது. பரம்பரை உரிமையைத் தகுதியால் நெறிப்படுத்திய இவ்விதி, கலை நிர்வாகத்தின் அடிப்படைச் சிக்கலொன்றைத் தெளிவாக உணர்ந்த அறிவின் வெளிப்பாடாகும்.

ஆயினும் வாழ்வை உறுதிசெய்த அதே ஏற்பாடு, காலப்போக்கில் பெண்களைப் பிறப்பாலும் பணியாலும் பிணித்தது. சென்னை மாகாணத்தில், சட்டமன்ற உறுப்பினராயிருந்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929இல் நிறைவேறிய சட்டத் திருத்தம், தேவதாசியர் எனப்பட்ட கோயில் ஆடல் மகளிரின் மானிய நிலங்களைக் கோயிற் பணிக் கட்டிலிருந்து விடுவிக்க, 1947ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தையே தடை செய்தது. நீதிக்கு இன்றியமையாத இம்மாற்றங்களுக்குப் பின், கலைஞருக்கு நிலையான வருவாயைத் தரும் வேறு அமைப்பை உருவாக்கும் கடமை சமுதாயத்தின் மீது விழுந்தது.

அக்கடமையை நிறைவேற்றுவதற்குரிய கல்வியே கலை, ஊடக மேலாண்மை, அதாவது கலைஞரின் பணியையும் வருவாயையும் திட்டமிட்டு நடத்தக் கற்பிக்கும் துறை. இந்தியாவில் 1995இல் புதுச்சேரியில் தோன்றிய சமூகக் கல்லூரி, உள்ளூர்த் தேவையை ஒட்டிக் குறுகிய காலத்தில் தொழில் கற்பிக்கும் அமைப்பாதலால், அக்கல்வியை ஊர்ப்புறத்துக்குக் கொண்டுசெல்ல ஏற்றது. காமரசவல்லி அமைந்த அரியலூரிலும் அதை அடுத்த பெரம்பலூரிலும் அத்தகைய கல்வி வேரூன்றுமானால், அதன் முதற்பாடம் காமரசவல்லிக் கல்வெட்டாகவே அமைய வேண்டும்; ஏனெனில், கூத்து நிலைக்க வேண்டுமெனில் கூத்தரின் வாழ்வு முதலில் நிலைக்க வேண்டும் என்பதை அது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊரறியப் பொறித்து வைத்திருக்கிறது.