தசையுறைத் தேய்ப்பும் வடசென்னையின் முதுகுவலியும்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸும் மீன் கூடையும் சுமப்பவர்கள், ராயபுரத்துக் கிடங்குகளில் மூட்டை ஏற்றுபவர்கள், திருவொற்றியூர் வழியாகத் துறைமுக வாயிலை நோக்கி மணிக்கணக்கில் ஊர்ந்து செல்லும் டிரெய்லர் ஓட்டுநர்கள்: தொழில் வேறானாலும் இவர்கள் இடுப்பு படும் பாடு ஒன்றுதான். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்கிறது மருத்துவம். சுவருக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு டென்னிஸ் பந்தை வைத்து உருட்டியோ, விரல் முட்டியால் அழுத்தியோ தசையுறையைத் தானே தேய்த்துக்கொள்ளும் முறையை இவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் தவறு. காரணம் பிழையானால் செய்முறையும் பிழையாகிவிடும்.

தசைகளைப் போர்த்தி ஒன்றோடொன்று இணைக்கும் திசுவே தசையுறை. அது இறுகிவிடுகிறது, அழுத்தினால் இளகிவிடும் என்பது பரவலான விளக்கம். 2008இல் வெளிவந்த ஒரு கணித ஆய்வு இதை ஐயத்துக்குள்ளாக்கியது: உள்ளங்கால், தொடை ஆகிய இடங்களின் கெட்டியான உறையை ஒரு விழுக்காடு உருமாற்றவே கைக்கு எட்டாத விசை வேண்டும். அதற்காகத் திசுவுக்கும் வலிக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நாட்பட்ட இடுப்புவலி உள்ளவர்களிடம் இடுப்பு உறையின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவது சுமார் 20 விழுக்காடு குறைந்திருந்ததை 2011இல் ஹெலன் லாஞ்செவின் குழு அல்ட்ராசவுண்டில் கண்டது. அந்த உறையில் வலியுணர் நரம்பு முனைகளும் நிறைய உண்டு. தொடுகையும் அழுத்தமும் தண்டுவடத்திலேயே வலிச் செய்தியைத் தணிக்கக்கூடும் என்று மெல்சாக், வால் என்ற ஆய்வாளர்கள் 1965இல் முன்வைத்த கோட்பாட்டோடு சேர்த்துப் பார்த்தால், தேய்ப்பு முதன்மையாக நரம்பின் வழியே வேலை செய்கிறது என்பதே பொருத்தமான முடிவு. அப்படியானால் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தத் தேவையில்லை. தாங்கக்கூடிய அழுத்தமே போதும். கிடைக்கும் தணிவு நெடுநேரம் நிற்காது. அந்த நேரத்துக்குள் இடுப்பை வளைத்து, நடந்து, உடலை அசைவுக்குப் பழக்குவதில்தான் பயன் இருக்கிறது.

தேய்ப்புக்கான சான்று வலுவற்றது என்பார்கள். உண்மைதான். நாட்பட்ட இடுப்புவலி பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டியும் மசாஜை நிபந்தனையோடுதான் ஏற்கிறது. ஆனால் இங்கே அதற்கு மாற்றாக இருப்பது தினமும் விழுங்கும் வலி மாத்திரை. வெயிலில் வியர்த்து நீர்வற்றிய உடலில் அது சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கும். அந்தக் கேட்டோடு ஒப்பிட்டால் பந்தின் பக்கமே நியாயம் இருக்கிறது. கால் பலவீனம், சிறுநீர் அடக்க முடியாமை, காய்ச்சல், காரணமற்ற மெலிவு இருந்தால் மட்டும் பந்தை விட்டுவிட்டு ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் பாதத்தில் பந்தை உருட்டவே கூடாது.

தானே தேய்த்துக்கொள் என்பது முதலாளியின் பொறுப்பைத் தொழிலாளியின் முதுகிலேயே ஏற்றுவதாகாதா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. தீங்கு விளைவிக்கும் அளவுக்குக் கனமான சுமையைத் தூக்கவைக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவே சொன்னது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை வயதுவந்த ஓர் ஆணுக்கு 55 கிலோவை எல்லையாகக் குறித்தது. 50 கிலோ சிமென்ட் மூட்டை அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் இடுப்பைத் தேயவைப்பது ஒரு மூட்டையல்ல, நாள் முழுக்கத் தூக்கும் மொத்தச் சுமை. ஆகவே தேய்ப்பைக் கற்றுத்தரும் ஈ.எஸ்.ஐ. மருந்தகம், வலியோடு வருபவர் எத்தனை மூட்டை தூக்கினார், எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்பதையும் சீட்டில் எழுதி வைக்க வேண்டும். மூட்டையின் எடையைக் குறைக்கவும் தூக்குவண்டி கேட்கவும் தொழிற்சங்கத்தின் கையில் அந்தச் சீட்டு சான்றாகும்.