சட்டைப்பைக் காமிராவும் நெடுந்தொலைக் காமிராவும்

சென்ற தை மாதத்தில் என் தங்கை மகன் ஒரு கேள்வியோடு என்னிடம் வந்தான். அவன் போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஸ்டோர் ஒன்றில் கணக்கெழுதுபவன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மலைக்கு ஏறிவிடுவான். “மாமா, கையில் இருக்கும் பணம் ஒரு காமிராவுக்குத்தான் காணும். சட்டைப்பையில் அடங்குகிற சிறியதை வாங்கட்டுமா, எதிர்மலையில் நிற்கும் வரையாட்டை இங்கிருந்தே இழுத்துக் காட்டும் பெரியதை வாங்கட்டுமா?” என்று கேட்டான். இரண்டும் பழைய காமிராக்கள். மதுரையில் ஒரு கடையில் கைமாற்று விலைக்கு வந்திருந்தன. கைபேசி இருக்கும்போது இவை எதற்கு என்று கேட்கத் தோன்றிற்று. கேட்கவில்லை. அந்தக் கேள்வியை உலகமே கேட்டு விடையும் சொல்லிவிட்டது. 2010ஆம் ஆண்டில் பன்னிரண்டு கோடிக்கு மேல் காமிராக்களை அனுப்பிய ஜப்பானியத் தொழிற்சாலைகள், 2023இல் ஒரு கோடியைக்கூட எட்டவில்லை. ஆனால் கைபேசியை நம்பாமல் தனிக் காமிரா தேடுகிற ஒருவனுக்கு இந்தப் பழைய வழக்கு இன்னும் தீரவில்லை. அது எவ்வளவு பழைய வழக்கு என்பதையே இன்று நேயர்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

நம் நாட்டில் புகைப்படக் கலை வந்து இறங்கிய காலத்தில் இந்தத் தேர்வே எழவில்லை; ஏனெனில் சிறிய காமிரா என்று ஒன்று கிடையாது. சென்னை அரசாங்கம் 1856இல் லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரியைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 இறுதியில் புறப்பட்டு, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சை என்று அவர் சுற்றி வந்தார். மெழுகு பூசிய காகிதமே அவருக்கு நெகடிவ். அது பன்னிரண்டு அங்குலத்துக்குப் பதினைந்து அங்குலம். படம் எவ்வளவு பெரியதோ, காமிராவும் அவ்வளவு பெரியது. பெட்டிகளும் இரசாயனப் புட்டிகளும் மாட்டு வண்டிகளில் பின்தொடர்ந்தன. மதுரைக் கோயிலின் மண்டபங்களையும் திருமலை நாயக்கர் மஹாலையும் அவர் எடுத்த படங்கள் இன்றும் வியக்கத்தக்கவை. ஆனால் அவற்றில் நடமாடும் மனிதரைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். நெடுநேரம் ஒளி வாங்கும் காகிதத்தில், நின்ற தூண்தான் பதியும், நடக்கிற ஆள் பதியமாட்டார். வானத்து மேகங்களும் பதியாமையால், டிரைப் பல நெகடிவுகளில் மேகத்தைத் தூரிகையாலேயே வரைந்து சேர்த்தார்! இந்த வேலை பெருஞ்செலவு, ஆடம்பரம் என்று கருதிய அரசாங்கம் 1860இல் அதை மூடிவிட்டது.

மாட்டு வண்டி போகும் வரைதான் டிரைப்பின் காமிரா போகும். போடி மலைக்கு அக்காலத்தில் வண்டிப் பாதை ஏது? பொதிமாடும் கழுதையும் மனிதத் தலையும் ஏறிய மலை அது.

பிறகு மூன்றே ஆண்டுகளில் இரண்டு கதவுகள் திறந்தன. 1888இல் அமெரிக்காவில் ஈஸ்ட்மன் தம் கோடக் காமிராவை வெளியிட்டார். கையில் பிடித்தபடியே நூறு படம் எடுக்கலாம். எடுத்து முடித்தபின் காமிராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டால் படங்களாகத் திரும்பி வரும். 1891இல் இங்கிலாந்தில் டால்மேயரும், ஜெர்மனியில் வேறு சிலரும், ஒருவரையொருவர் அறியாமலே தொலைப்பட லென்ஸை அமைத்தனர். அதற்கு முன் தொலைவிலுள்ளதைப் பெரிதாக எடுக்க வேண்டுமானால் காமிராவையும் அந்த அளவுக்கு நீட்ட வேண்டியிருந்தது. இந்த லென்ஸ் அந்த நீளத்தைச் சுருக்கிற்று. உடன் எடுத்துச் செல்ல ஒன்று, தொலைவை எட்டிப்பிடிக்க ஒன்று. என் தங்கை மகனின் கேள்வி அன்றே பிறந்துவிட்டது என்று சொல்லலாம்.

அதே காலத்தில் நம் மலையில் நடந்தது என்ன? 1877இல் பூஞ்சாற்று அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை மன்றோ துரை குத்தகைக்குப் பெற்றார். 1902இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடிற்று. முதலில் மாடுகள் இழுத்தன. 1908இல் அது சிறு இரயிலாயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி செங்குத்தாகக் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து போடிக்கு வரும். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இரயிலை அடியோடு கொண்டு போயிற்று. நான்கு ஆண்டு கழித்து, 1928இல், மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்தது.

அந்தச் சிறு இரயிலின் படங்கள் சில எஞ்சியுள்ளன. நான் கண்டவற்றில் இயந்திரம் இருக்கிறது. தொப்பி அணிந்த கனவான்கள் இருக்கின்றனர். பங்களாவும் வேட்டையாடிய விலங்கும் இருக்கின்றன. கொட்டகுடியில் வடத்தின் அடியில் நின்று பெட்டியை இறக்கித் தோளில் ஏற்றிய ஆளின் முகத்தை நான் இன்றுவரை கண்டதில்லை. காமிரா யாரிடம் இருந்ததோ, அவர் பார்க்க விரும்பியதைத்தானே அது பார்க்கும்? எந்தக் காமிரா நல்லது என்று கேட்பவரிடம், எதைப் பார்க்கப் போகிறீர் என்று நான் திருப்பிக் கேட்பதற்கு இதுவே காரணம்.

நம்மவர் கைக்குச் சிறு காமிரா வந்து சேர வெகு காலமாயிற்று. ஜெர்மனியில் 1925இல் லைக்கா வெளிவந்து, சினிமாப் பிலிமில் சிறு படம் எடுத்துப் பெரிதாக்கும் வழக்கத்தைப் பரப்பியது. ஆனால் அதன் விலை நம் மிராசுதாருக்கே எட்டாதது. 1960களிலும் எழுபதுகளிலும் பரோடாவில் செய்யப்பட்ட ஆக்பா கிளிக் காமிராதான் நடுத்தரக் குடும்பத்துக்குள் புகுந்தது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். திருமணத்துக்கு நான்கு, குழந்தைக்கு இரண்டு என்று எண்ணி எண்ணி எடுத்த காலம் அது. உதகமண்டலத்தில் 1960இல் அரசாங்கம் நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையிலிருந்து ‘இந்து’ பிலிம் வந்தது. அந்த ஆலை இன்று இல்லை.

தொலைப்பட லென்ஸின் பக்கம் நம் தமிழர் ஒருவர் நிற்கிறார். அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன், 1912இல் திருநெல்வேலியில் பிறந்து 1996இல் மறைந்தவர். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பதையே வாழ்நாள் விரதமாகக் கொண்டவர். கடையில் விற்கும் காமிரா அவருக்கு ஒத்துவரவில்லை. ஒன்றின் உடலையும் மற்றொன்றின் லென்ஸையும் சேர்த்துத் தாமே ஒரு கருவியைப் பூட்டிக்கொண்டார். அதன் கனத்தைக் கேலி செய்து ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தார். அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு காட்டுயானைகளின் முன் நின்றவர் அவர். சட்டைப்பையா நெடுந்தொலையா என்று அவரிடம் கேட்டிருந்தால், தோளைத் தொட்டுக் காட்டியிருப்பாரோ என்னவோ!

இனி இக்காலத்துக் கருவிக்கு வருவோம். பிலிம் போய் ஒளியுணர் சில்லு வந்தபின், நெடுந்தொலைக் காமிராவின் கனம் வெகுவாகக் குறைந்தது. 2000த்தில் ஒலிம்பஸ் பத்து மடங்கு ஜூமுடன், கைநடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பையும் ஒரே காமிராவில் தந்தது. 2015இல் நிக்கான் பி900 எண்பத்து மூன்று மடங்கு என்றது. 2018இல் பி1000 நூற்று இருபத்தைந்து மடங்கு என்றது. இந்த எண்களில் ஒரு மயக்கம் உண்டு. எண்பத்து மூன்று மடங்கு என்றால் கண்ணுக்குத் தெரிவதைவிட எண்பத்து மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும் என்று பலர் நினைக்கின்றனர். அது அக்காமிராவின் மிக அகன்ற பார்வைக்கும் மிகக் குறுகிய பார்வைக்கும் உள்ள விகிதம். பழைய கணக்கில் ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸே இயல்பான பார்வை. பி900 இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு ஈடாகும். ஆக நாற்பது மடங்கு. அதுவும் சாமானியமன்று, ஒரு கிலோமீட்டர் தொலைவில் பதினெட்டு மீட்டர் அகலமே படத்துக்குள் அடங்கும்.

மற்றொரு செய்தியை விற்பவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்தப் பெரிய உடலுக்குள் இருக்கும் சில்லு சுண்டுவிரல் நகத்தளவுதான்: ஆறு மில்லிமீட்டருக்கு நாலரை மில்லிமீட்டர். சாதாரணச் சட்டைப்பைக் காமிராவிலும் அதே அளவுதான். ஆனால் 2012இல் சோனி ஆர்எக்ஸ்100 என்றொரு சிறு காமிரா வந்தது. கால் கிலோவுக்கும் குறைந்த எடை. சில்லோ நான்கு மடங்கு பரப்பு. லென்ஸின் துளையும் பெரிது. இரண்டையும் அகன்ற பார்வையில் வைத்து, ஒரே நேர அளவுக்குத் திறந்தால், சிறிய காமிரா பெரியதைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியைப் பெறும். உருவத்தைக் கண்டு மதிப்பிடலாகாது என்பது காமிராவுக்கும் பொருந்தும். என் தங்கை மகன் பார்த்து வந்த சிறு காமிரா இந்த இனத்தைச் சேர்ந்தது; பெரியது பி900.

இந்த ஒளிக் கணக்குத்தான் ஏலமலையில் வழக்கைத் தீர்க்கிறது. ஏலச்செடி நிழலில் வாழ்வது. உயர்ந்த மரங்களின் கீழே, பட்டப்பகலிலும் மாலைபோல் இருக்கும். பூவும் காயும் செடியின் உச்சியில் இல்லை. அடித்தூரிலிருந்து மண்ணையொட்டி ஓடும் சரத்தில் இருக்கின்றன. பறிக்கும் பெண்கள் குனிந்தோ அமர்ந்தோதான் பறிக்க வேண்டும். விடியுமுன் போடியிலிருந்து ஜீப்பில் ஏறி, வளைவு மேல் வளைவாகப் போடிமெட்டைக் கடந்து, பகலெல்லாம் அந்த நிழலில் இருந்துவிட்டு இரவுக்குள் திரும்புகிறவர்கள் பலர். அவர்கள் கைவிரலையும் சரத்தையும் எடுக்க மூன்றடி தூரம் போதும். எட்டிப்பிடிக்க அங்கே ஒன்றுமில்லை, வேண்டுவது ஒளி. ஸ்டோரில் காய் உலர்ந்து தட்டில் கொட்டும்போது அதன் பச்சை கெடாமல் பதிய வேண்டும். போடியில் ஏலக்காயை ஏலம் விடுகிற இடத்திலும் நிறத்துக்கும் பருமனுக்கும்தான் விலை. (ஒரே சொல்லாகத் தோன்றும் இவ்விரண்டில், காயின் பெயர் நம் பழஞ்சொல், விற்பனையின் பெயர் போர்ச்சுகீசியர் தந்தது.)

நெடுந்தொலைக் காமிராவுக்கு இங்கே வேலையே இல்லையா? உண்டு, ஆனால் அதற்கு நேரம் பார்க்க வேண்டும். போடி மலைக்குக் கிழக்கே உள்ள ஊர். காலை வெயில் நேரே சரிவில் விழும். பாறை, பள்ளம், புல்மேடு எல்லாம் தெளிவாக நிற்கும். முற்பகல் தாண்டினால் சமவெளிச் சூட்டில் காற்று நடுங்கத் தொடங்கும். பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னே போய்விட, சரிவு முழுதும் நீலச் சுவராகிவிடும். அப்போது நாற்பது மடங்கு இழுத்தால் மலை வராது, இடையிலுள்ள மூட்டம்தான் நாற்பது மடங்கு வரும். மேலும் முழு நீட்டத்தில் அந்த லென்ஸின் துளை சிறுத்துவிடும். மழைக்காலத்தில் அது பெரும்பாலும் பையிலேயே இருக்க வேண்டியதுதான்.

இருந்தும் அதற்குச் சார்பாக இரண்டு சம்பவங்களைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத் தீ மூண்டு, நடைப்பயணம் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் மலை நடைக்கு அரசு விதிகள் வகுத்தது. நினைத்தவுடன் காட்டுக்குள் நுழைந்து விலங்கை நெருங்கலாம் என்ற நிலை இல்லை. சாலையில் நின்றே பார்க்க வேண்டியவனுக்கு நீண்ட லென்ஸ் வேண்டும். இரண்டாவது, 2023 மே மாதக் கடைசியில் அரிக்கொம்பன் என்னும் யானை கம்பம் நகருக்குள் புகுந்தது. சின்னக்கானலில் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விடப்பட்ட யானை அது. ஊரடங்கு போல் தடையுத்தரவு போட வேண்டியதாயிற்று. ஜூன் 5ஆம் நாள்தான் மயக்க ஊசி செலுத்திப் பிடித்தனர். கையில் சிறு கருவி வைத்திருப்பவன் படம் பெரிதாக வேண்டும் என்று ஓரடி முன்னே வைப்பான். பிறகு இன்னும் ஓரடி. யானையிடம் அந்த ஓரடி ஆகாது. நூறு கஜத்துக்கு அப்பால் நிற்க மனமிருப்பவனுக்கு நெடுந்தொலைக் காமிரா உயிர்க்காவலும் ஆகும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, “நீ ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய் எதைப் பார்க்கிறாய்?” என்று கேட்டேன். சற்று யோசித்தான். வரையாட்டை இரண்டு ஆண்டில் இரண்டே முறை கண்டதாகச் சொன்னான், அதுவும் புள்ளியளவாக. “மற்றபடி, ஸ்டோரில் கூலி வாங்க வருகிறார்களே மாமா, அவர்களை அவர்கள் தோட்டத்திலேயே பார்ப்பேன். அங்கே நன்றாகப் பேசுவார்கள்” என்றான்.

சிறியதைத்தான் வாங்கினான். மாசி மாதத்தில் ஒரு படம் கொண்டுவந்து காட்டினான். நிழலில் ஒரு கிழவியின் கை, விரல் நுனியெல்லாம் சரத்தின் கறை, மூன்று காய்கள். முகம் படத்தில் இல்லை. ஏன் என்று கேட்டேன். முகம் வேண்டாம் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாராம்; அச்சுப் போட்டுக் கொண்டுவந்து காட்டினால் அடுத்த முறை யோசிக்கலாம் என்றாராம். மதுரையில் அச்சுப் போட்டாயிற்று. போடிக்கு இரயில் நின்றிருந்த பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து 2023 ஜூனில் மறுபடியும் ஓடத் தொடங்கியதே, அந்த இரயிலில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு போனான். வரும் ஞாயிறு மலைக்கு ஏறுகிறான்.